கணினிக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எனக்குக் கணினி தெரியாது. இதை நான் ஒருநாளும் ஒளித்ததில்லை. ஓ.எல். என்ற பள்ளிக்கூடச் சோதனை வரை படித்தவள். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும். இப்படிப்பட்ட என்னிடம், பல்கலைக்கழகம் போய்ப் படித்த இரண்டு பேர் வந்து, இந்த மென்பொருட் சாமான் நல்லதா அந்த மென்பொருட் சாமான் நல்லதா என்று நியாயம் கேட்டார்கள். நானும் ஒரு வழி சொன்னேன். பிறகு நடந்த அத்தனைக்கும் நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே அது பச்சைப் பொய் என்று சொல்வதற்காகத்தான்.

எங்கள் வீடு நயினாதீவில். குறிகட்டுவானுக்கும் எங்கள் கரைக்கும் இடையில் படகு ஓட்டும் ஒரு சிறிய சங்கத்தில் நான் கிளாக்கர், எழுதுகிற வேலை. வேலை பெரிதில்லை. எந்தப் படகு முதலில், எது அடுத்தது என்று கரும்பலகையில் சோக்கால் எழுத வேண்டும். ஒன்று போனதும் அழித்துவிட்டு அடுத்ததை எழுதி, அக்கரைக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இதற்கு முறை என்று பெயர். எங்கள் சங்கத்தில் கல்யாணம், செத்தவீடு, தேர்தல் எல்லாவற்றையும் விடப் பெரியது இந்த முறைதான். முறை தப்பிக் கயிறு அவிழ்த்தவருக்கு ஒரு கிழமை, ஏழு நாளும், ஓட்டமில்லை. (சொந்தத் தம்பி என்றாலும் இல்லை. தம்பி என்றால் இரண்டு கிழமை.)

எங்கள் தலைவர் அண்ணை மகனை வழியனுப்பக் கொழும்பு விமான நிலையத்துக்குப் போனவர், திரும்பி வந்ததும் முதல் சொன்னது இதுதான்: "பிளேனுக்கெல்லாம் ரீவியில பேர் போடுறாங்கள். படகுக்குப் போட்டா என்ன, தண்ணிக்குள்ள தாண்டு போயிடுமோ?"

அப்படியாக இரண்டு கரைக்கும் சங்கத்து அலுவலகமான கந்தோருக்கும் மூன்று ரீவி, அதுதான் தொலைக்காட்சிப் பெட்டி, வந்தது. எங்கள் கரை ரீவியை, அது திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, சுவர் உப்புக் காற்றில் பொரிந்து ஆணி பிடிக்காதபடியால், என் கரும்பலகையை மூடி அதன் மேலேயே அறைந்துவிட்டார்கள். ஒரு சொல் என்னைக் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. (சொல்ல நினைத்துக்கொண்டு போனேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.)

ரீவியில் முறையைக் காட்டும் மென்பொருளை யார் செய்வது? என் மகள் தர்சிகாவும் அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை நிரோசனும். இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே மென்பொருள் கொம்பனியில் வேலை. அங்கேதான் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். சங்கத்து வேலையைச் சும்மா செய்து தருகிறோம் என்றார்கள்.

நிச்சயித்திருந்த என்று சுலபமாக எழுதிவிட்டேன். அது சுலபமாக நடக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய், இனிச் சம்மந்தி என்றே எழுதுகிறேன், யாழ்ப்பாண நகரத்து மனிசி. பெண் எந்த ஊர் என்று கேட்டு, நாங்கள் சொன்னதும், "ஓ... தீவோ" என்று ஒரு இழுவை இழுத்தார். அந்த இழுவை இன்னும் என் காதில் நிற்கிறது. பிறகு சாதகப் பொருத்தம் குறைவு என்றார். எங்கள் வீட்டுப் பக்கத்து அம்மாள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று இவர்தான் (என் மனுசன்) சொன்னார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அலரியில் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி, அம்மாள் காலடியில் வைப்போம். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலிருக்கும். ஐயர் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். சிவப்பு வந்தால் செய்யலாம் என்று நேர்ந்துகொண்டோம். சிவப்பு வந்தது. சம்மந்தி பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, அம்மாள் சொன்னா நான் ஆர்" என்றார். கல்யாணம் அந்த ஒரு அலரிப் பூவில்தான் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி ஞாயிறுகளில் நிரோசன் எங்கள் வீட்டுக்கு வருவார். விறாந்தை மேசையில் இரண்டு பேரும் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். முதல் இரண்டு கிழமை சிரிப்புச் சத்தம் குசினி அடுப்படி வரை கேட்டது. மூன்றாவது கிழமை சண்டை.

என்ன சண்டை? சீதனமா, வீடா, எந்த மண்டபம் என்றா? அப்படி என்றால் எனக்கும் விளங்கும். மகளுக்கு வேர்ஷன் கொன்ட்ரோல் என்று ஒரு சாமான் வேண்டுமாம். மாப்பிள்ளைக்குக் கொன்பிகரேஷன் மனேஜ்மென்ட் என்று இன்னொரு சாமான் வேண்டுமாம். ரீவி திறக்கும் நாளுக்கு முன்னால் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்து முடிக்க நேரமிருக்கிறதாம்.

தேத்தண்ணி கொண்டுபோனபோது மகள் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நீங்கள் கறிக்கு உப்பைக் கூடப் போட்டிட்டா திருப்பி எடுக்க ஏலுமோ?"

"ஏலாது."

"என்ர சாமான் எடுக்கும். நேற்று எப்பிடி இருந்தது, முந்தநாள் எப்பிடி இருந்தது எண்டு எல்லாத்தையும் வைச்சிருக்கும். பிழைச்சா நேற்றைக்குத் திரும்பிப் போகலாம். இது இருந்தா அவரின்ர சாமான் தேவையில்லை."

நிரோசன் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, மரியாதையாகத்தான், சொன்னார்: "மாமி, மூண்டு வீட்டில மூண்டு பேர் சமைச்சாலும் ஒரே ருசி வர வேணுமெண்டா என்ன செய்வியள்? என்ர சாமான் அதைத்தான் செய்யும். இஞ்சயிருந்து ஒருக்கா அனுப்பினா மூண்டு ரீவியும் அச்சடிச்ச மாதிரி ஒண்டாயிருக்கும். இது இருந்தா இவவின்ர சாமான் தேவையில்லை."

"நீங்கள் பிழைவிட மாட்டியள் எண்டு நினைப்போ?" என்றாள் மகள்.

"நீர் மூண்டு இடத்துக்கும் ஓடி ஓடித் திருத்துவீரோ?" என்றார் மாப்பிள்ளை.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்களே சொல்லுங்கோ" என்றார்கள்.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இது இருந்தால் அது தேவையில்லை. அது இருந்தால் இது தேவையில்லை. படித்த இரண்டு பேர் இப்படிச் சொன்னால் படிக்காத ஒருத்தி என்ன நினைப்பாள்? இரண்டில் ஒன்று போதும் என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இதில் என் பிழை எங்கே இருக்கிறது என்று யாராவது விரலை வைத்துக் காட்டட்டும்.

மகள் பக்கம் சொன்னால் மாப்பிள்ளை கோபிப்பார். மாப்பிள்ளை பக்கம் சொன்னால் மகள் என்னோடு கதைக்க மாட்டாள். "மாட்டுக்கு வைக்கோல் போடேல்ல" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத்தால் போய்விட்டேன். (எங்களிடம் மாடு இல்லை.) அடுத்த கிழமை இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதையே விட்டுவிட்டார்கள். நிரோசன் படகேறிய பிறகு மகள், "இப்பவே இப்பிடி எண்டா கட்டினபிறகு எப்பிடி? எனக்கு யோசிக்க வேணும்" என்றாள். யோசிக்க வேணுமாம். ஒரு வருடமாக நானும் இவரும் அந்த இழுவையைச் சகித்து, நாள் குறிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இவள் ஒரு சாமானுக்காக யோசிக்கப் போகிறாள்.

அதுதான் அடுத்த சனிக்கிழமை நிரோசன் வந்ததும் இருவரையும் பிடித்து நிறுத்திச் சொன்னேன்: "உங்கட கலியாணமே பூவில முடிஞ்சது. இது என்ன கலியாணத்தைவிடப் பெரிய சாமானோ? அம்மாளிட்டக் கேப்பம். எது வருதோ அதை வைச்சுக்கொண்டு வாயை மூடுங்கோ."

வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் சொன்ன ஆக நீளமான பேச்சு அதுதான். அதனாலோ என்னவோ இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.

கோயிலில் ஐயர் இரண்டு வெற்றிலை மடிப்பையும் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்குப் போனமுறை கட்டினதுதானே? இப்ப என்ன, இன்னொரு மாப்பிள்ளையோ?"

பின்னால் நின்ற நிரோசனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. "பிள்ளையளின்ர தொழில் விசயம் ஐயா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஐயர் கேட்டாரோ இல்லையோ, கும்பிட்டு எடுத்துப் பிரித்தார். சிவப்பு. மாப்பிள்ளை என்ற மரியாதைக்காகச் சிவப்பை அவருடைய சாமானுக்கு நேர்ந்திருந்தேன்.

நிரோசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். மகள் நேரே வீட்டுக்கு வந்தாள், லப்டொப்பைத் திறந்தாள், இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நான் சேர்த்து வைச்ச பழசு முழுக்க அழிச்சிட்டன். அம்மாளே வேண்டாமெண்டிட்டா. பிறகேன் இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கவேணும்?"

ஒரு குடம் உடைந்தால் சத்தம் கேட்கும். இது சத்தமில்லாமல் போய்விட்டது. நான் சண்டை முடிந்தது என்று பாற்புக்கை பொங்கினேன்.

ரீவி திறக்கிற நாளாக ஒரு வெள்ளிக்கிழமையைத் தலைவர் அண்ணை தெரிவுசெய்தார். நல்ல நாள் என்றபடியால் அதே வெள்ளிக்கிழமை காலையில் கல்யாண நாள் குறிக்கச் சம்மந்தி தட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நல்ல நேரம் பத்தரைக்கு முடியும். அதற்குள் அவர் கடல் தாண்டி எங்கள் படி ஏறிவிட வேண்டும். சரியாக நடந்திருந்தால் ரீவியில் அவர் ஏறுகிற படகின் பெயர் வர, இருபது நிமிடத்தில் இறங்கி, "பரவாயில்லை, தீவிலயும் எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது" என்று சொல்லியிருப்பார். நான் இதைக் கனவில்கூடக் கேட்டுவிட்டேன்.

எங்கள் கரை இறங்குதுறையில் ஒலிவாங்கியைப் பிடித்துத் தலைவர் அண்ணை பேசினார்: "இண்டையிலிருந்து ரீவி சொல்லுறதுதான் முறை. அதுக்கு மிஞ்சி ஒருத்தரும் இல்லை. நானே வந்து போ எண்டு சொன்னாலும் நீங்கள் கேக்கக் கூடாது!" எல்லோரும் கைதட்டினார்கள். மாலை போட்ட ரீவி ஒளிர்ந்தது.

அடுத்த படகு: கடலரசி. அதற்கடுத்தது: கடலரசி. அதற்குமடுத்தது: கடலரசி.

கடலரசி என்ற படகு எங்களிடம் இருப்பது உண்மை. அதை அப்போது ஊர்காவற்றுறையில், கரையில் ஏற்றி, இயந்திரம் கழற்றி, அடிப்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அது ஓட்டத்தில் இல்லை என்பதால்தான் குழப்பம் வராது என்று நினைத்து, எழுத்துச் சரியாகத் தெரிகிறதா பார்க்க, நிரோசன் அதன் பெயரை, இருந்த முறைக்கு மேலேயே, எல்லா வரியிலும் போட்டுப் பரீட்சை செய்திருக்கிறார். பிறகு அதை மாற்ற மறந்துபோய், காலையில் அவருடைய சாமானால் மூன்று ரீவிக்கும் அனுப்பிவிட்டார். அந்தச் சாமானைக் குறை சொல்லக்கூடாது. சொன்னபடியே செய்தது. அச்சடித்த மாதிரி, இரண்டு கரையிலும் கந்தோரிலும் ஒரே நேரத்தில் ஒரே பிழை.

"சரி, நேற்றையதைத் திருப்பி எடும்" என்றார் நிரோசன் மகளிடம்.

"எங்கயிருந்து எடுக்கிறது?"

"நீர் வைச்சிருந்தீரே."

"அம்மாள் வேண்டாமெண்டவ."

எங்கள் கரையில் மூன்று படகு, அக்கரையில் இரண்டு படகு. எல்லாவற்றிலும் ஆட்கள் ஏறிக் குடை பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு படகும் கயிறு அவிழ்க்கவில்லை. தலைவர் அண்ணை ஓடிப்போய் முதற்படகுக்காரரிடம், "எடுங்கோடா படகை!" என்று கத்தினார்.

"ஏலாது அண்ணை. ரீவி சொல்லேல்ல."

"நான் சொல்லுறன்!"

"நீங்கள் சொன்னாலும் கேக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்?"

நான் சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கரும்பலகை ரீவிக்குப் பின்னால் இருந்தது. வேறு வழியில்லாமல் ரீவிக் கண்ணாடியிலேயே எழுதிப் பார்த்தேன். கிறீச் என்றது. எழுத்து விழவில்லை. பின்னால் யாரோ, "அக்கா ரீவிக்கு விபூதி பூசுறா" என்றார். எழுத முடிந்திருந்தாலும் பயனில்லை. இரண்டு நாளாக ரீவியைப் பரீட்சிக்கிறோம் என்று படகுகளைக் கண்டபடி விட்டதில், யாருக்கு முறை என்பது எனக்கும் தெரியவில்லை. படகுக்காரர் மூவரும் தங்களுக்குத்தான் என்று சத்தியம் பண்ணினார்கள்.

நிரோசனின் போன் அடித்தது. சம்மந்தி அக்கரையில் இருந்து கதைத்தார். அவர் கதைத்தது எங்களுக்கும் கேட்டது. போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"தம்பி, கடலரசி எங்க? இஞ்ச எல்லாரும் கடலரசி கடலரசி எண்டு சொல்லுகினம். எனக்கு வெயில் குத்துது."

"அம்மா, அது... வராது."

"வராத படகுக்கு ஏன் பேர் போட்டிருக்கினம்? தீவில இதுதான் வழக்கமோ?"

தீவில இதுதான் வழக்கமோ! பிழைவிட்டது அவர் பெற்ற நகரத்துப் பிள்ளை. பேர் கெட்டது எங்கள் தீவுக்கு.

கடைசியில் அவர் வந்தார். எங்கள் முறைக்குள் அடங்காத ஒரு மீன் வள்ளம் ஐஸ் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்ததாம். அதில் ஏறிவிட்டார். விரதநாள், பட்டுச் சேலை, மடியில் வெற்றிலைத் தட்டு, இரண்டு பக்கமும் சூடைமீன் பெட்டி. இறங்கும்போது மணி பதினொன்று. பழத்தட்டில் ஒரு மீன் செதில் பளபளத்துக்கொண்டிருந்தது.

என் கையில் அப்போது ஒலிவாங்கி இருந்தது. "கடலரசி வராது எண்டு சனத்துக்குச் சொல்லு பிள்ளை" என்று தலைவர் அண்ணை திணித்துவிட்டுப் போயிருந்தார். நான் அதை மரவள்ளிக் கிழங்கைப் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன நடந்தது?" என்று சம்மந்தி மகனைக் கேட்டார். தாய் வாயைத் திறந்தால் மகனால் ஒன்றும் மறைக்க முடியாது. பூக்கட்டியது வரை எல்லாவற்றையும் நிரோசன் கொட்டிவிட்டார்.

சம்மந்தி தட்டை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, கேட்டார்: "அதே கோயில். அதே அலரிப் பூ. இதுக்கு அந்தப் பூ பிழைச்சிருக்கெண்டா, கலியாணத்துக்கு வந்த பூ மட்டும் எப்பிடிச் சரியாயிருக்கும்?"

மகளுக்கு முகம் வெளுத்தது. என் மனுசன் தன் செருப்பைப் பார்த்தார். நிரோசன் அவசரமாக, "அம்மா, தர்சியின்ர சாமானும் இருந்திருந்தா ரெண்டு நிமிசத்தில பழசை எடுத்திருப்பம்" என்றார்.

"உங்கட சாமான் இல்லாட்டி நானும் மூண்டு ரீவிக்கும் தனித்தனியா அலைய வேணும்" என்றாள் மகள்.

"நில்லுங்கோ" என்றேன். "அப்ப ரெண்டும் வேணுமோ?"

"ஓம். ரெண்டும் வேற வேற வேலைதானே" என்றார்கள். இரண்டு பேரும். ஒரே நேரத்தில். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை நான் மட்டும் கேட்பது போல.

எனக்கு உச்சியில் ஏறியது. நாலு பேர் என்ன, அந்த இறங்குதுறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

"சம்மந்தி, அம்மாளில பிழை இல்லை! கறி வைக்கச் சட்டி வேணுமோ அடுப்பு வேணுமோ எண்டு கேட்டா அவ என்னத்தைச் சொல்லுவா? ஏதோ ஒண்டைக் காட்டினா. கேள்விதான் விசர்க் கேள்வி. அந்தக் கேள்வியை எனக்குத் தந்தது இந்த ரெண்டு படிச்சதுகளும்! ஆனா அண்டைக்குக் கலியாணத்துக்குக் கேட்டது சரியான கேள்வி. ஒரு பிள்ளை, ஒரு பெடியன், செய்யலாமோ கூடாதோ? செய்யலாமெண்டு வந்தது. அந்தப் பூவில கை வைக்காதேங்கோ! தீவில இதுதான் வழக்கமோ எண்டு கேட்டீங்களே. கடலரசியைப் போட்டது உங்கட மகன்!"

பேசி முடித்த பிறகுதான், நான் சொன்னதெல்லாம் கொஞ்சம் பிந்திக் கடலில் பட்டுத் திரும்பி வருவது எனக்குக் கேட்டது. ஒலிவாங்கி அவ்வளவு நேரமும் வேலை செய்திருக்கிறது. நான் அதைக் கீழே போட்டேன். அது போட்ட கூச்சலில் காகங்கள் எழும்பிப் பறந்தன.

சம்மந்தி என்னைப் பார்த்தார். அவர் என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பழத்தட்டில் இருந்த மீன் செதிலை இரண்டு விரலால் எடுத்து எறிந்தார்.

"இண்டைக்கு அடுத்த நல்ல நேரம் எத்தினை மணிக்கு?" என்றார்.

அவர் எங்கள் படி ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை. அதற்கிடையில் தலைவர் அண்ணை ஓடி வந்து என்னோடு சண்டைக்கு நின்றார். பூக்கட்டியதற்கு அல்ல. "சங்கத்து அலுவலுக்குப் பூக்கட்டிப்போட்டுச் சங்கத் தலைவரைக் கூப்பிடேல்ல! எனக்கென்ன மரியாதை?" முதற்படகுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "அக்கா, இப்ப ஆரின்ர முறை எண்டதுக்கும் கட்டுவமோ? அலரி அந்தா நிக்குது" என்றார். படகில் இருந்த சனம் முழுக்கச் சிரித்தது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. இப்போது எங்கள் மூன்று ரீவியிலும் இரண்டு சாமானும் இருக்கின்றன. ஒன்று பழசைக் காக்கிறது, மற்றது எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை. போட்டவர்கள்தான் பிடிக்கிறார்கள். எங்கள் கரையில், வருவேன் என்று சொல்லி வராத ஆளுக்கும், பிந்திய பஸ்ஸுக்கும், நின்றுபோன மின்சாரத்துக்கும் பெயர் கடலரசி. அந்தப் படகைத் திருத்தி ஓட்டத்துக்கு விட்டு எத்தனையோ காலமாகிறது. இன்னும் அது இறங்குதுறையில் வந்து அணைந்தால் ஆட்கள் கைதட்டுகிறார்கள்.

சம்மந்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் போன் எடுப்பார். எடுத்ததும் முதற் கேள்வி, "இண்டைக்கு என்ன சமையல் சம்மந்தி? சட்டியோ, அடுப்போ?" பின்னால் மகளும் மருமகனும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தக் கேள்வியை எனக்குத் தந்த அதே இரண்டு பேர்தான் சிரிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

"ரெண்டும்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். அவர் திரும்பவும் எடுப்பார். நான் திரும்பவும் வைப்பேன். மூன்றாம் தரம்தான் கதைப்போம்.